செங்கல் தெரிந்தது, கடன் ஒப்பந்தம் தெரியவில்லை: தேர்தல் கால டிவி செய்திகள் ஏன் இப்படி இருக்கின்றன?

தேர்தல் தேதியை ஆணையம் அறிவித்த நிமிடத்திலிருந்து வாக்கு எண்ணி முடிக்கும் வரை நம் செய்தி சேனல்கள் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கின்றன: யார் ஜெயிப்பார்? கூட்டணி யாரோடு, எத்தனை சீட், எந்தச் சமூகத்தின் ஓட்டு எந்தப் பக்கம் சாயும், மேடையில் இவர் ஏன் அவருக்குச் சால்வை போடவில்லை, எல்லாமே அந்த ஒரு கேள்வியின் கிளைகள்தான். ஜெயிப்பவர் என்ன செய்யப் போகிறார், சொல்வதைச் செய்ய அவருக்குச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறதா, கஜானாவில் பணம் இருக்கிறதா, போன தடவை ஜெயித்தவர் ஐந்து வருடம் என்ன செய்தார், இதெல்லாம் எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

எனக்கு இதில் கோபம் வரக் காரணம், வேறு வழியில்லாமல் டிவியை மட்டுமே நம்பியிருப்பவர்கள். இணையத்தில் தேடிப் படிப்பவர்களுக்கும் ஆங்கில நாளிதழ் வாங்குபவர்களுக்கும் மாற்று உண்டு. வேலை முடிந்து வந்து சாப்பிடும்போது அரை மணி நேரம் செய்தி பார்க்கிற கோடிக்கணக்கானவர்களுக்கு அந்த அரை மணி நேரம்தான் எல்லாம். அதை வீணடிப்பது, அவர்கள் கையில் இருக்கும் ஓட்டை வீணடிப்பதற்குச் சமம் என்று நினைக்கிறேன்.

பொதுவாகப் புலம்பினால் பயன் இல்லை, மதுரை எய்ம்ஸையே எடுத்துக்கொள்ளலாம். 2021 சட்டமன்றத் தேர்தல் பிரச்சாரத்தில் உதயநிதி ஸ்டாலின் ஒரு செங்கல்லைக் கையில் எடுத்துக் காட்டி, இதுதான் மதுரை எய்ம்ஸ் என்று பேசினார். பிரச்சார உத்தி என்ற வகையில் அது கச்சிதமானது. அதற்காக அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பிரச்சாரம் செய்பவரின் வேலை அது. அந்தக் காட்சியை எல்லா சேனல்களும் நாள் கணக்கில் ஓட்டின. எதிர்த்தரப்பு பதில் சொன்னது, அதையும் ஓட்டினார்கள், இரவு விவாதத்தில் செங்கல்லைப் பற்றி ஒரு மணி நேரம் சத்தம் போட்டுக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் அந்தச் செங்கல்லைப் பார்க்காதவர் அநேகமாக யாரும் இல்லை.

சரி, கட்டடம் ஏன் எழும்பவில்லை? விடை ஒன்றும் ரகசியம் அல்ல. 2015 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் அறிவிக்கப்பட்டது. இடம் மதுரை தோப்பூர்தான் என்று முடிவாகவே 2018 ஆகிவிட்டது. அந்த வருடம் டிசம்பரில் மத்திய அமைச்சரவை 1,264 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது, 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஆனால் அதே காலத்தில் ஒப்புதல் பெற்ற மற்ற எய்ம்ஸ்களுக்கு மத்திய அரசே பணம் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, மதுரைக்கு மட்டும் செலவின் பெரும்பகுதியை ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்திடம் கடனாக வாங்குவது என்று முடிவெடுத்திருந்தார்கள். அந்தக் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 மார்ச்சில். அதாவது அடிக்கல் நாட்டி இரண்டு வருடம் கழித்து, சட்டமன்றத் தேர்தல் பிரச்சாரம் உச்சத்தில் இருந்த அதே மாதத்தில். கடன் கையெழுத்தான பிறகுதான் வடிவமைப்பு, அப்புறம் டெண்டர், அப்புறம் கட்டுமானம். இதற்குள் மதிப்பீடு 1,977 கோடியைத் தாண்டிவிட்டது. முதல் மாணவர்கள் 50 பேர் 2022 ஏப்ரலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் தற்காலிகமாகப் படிக்கத் தொடங்கினார்கள். முழு அளவிலான கட்டுமானம் 2024 மார்ச்சில்தான் ஆரம்பித்தது, அதுவும் அடுத்த தேர்தல் அறிவிப்பை ஒட்டி.

இந்தத் தேதிகளை வரிசையாக ஒரு திரையில் போட்டு, ஒரு நிருபர் எட்டு நிமிடம் பேசினால் போதும். மதுரைக்கு மட்டும் ஏன் கடன் வழி என்று மத்திய ஆட்சியில் இருந்தவர்களைக் கேட்கலாம். நிதி ஏற்பாடு முடியாத திட்டத்துக்கு அடிக்கல் விழா நடந்தபோது மேடையில் உட்கார்ந்திருந்த அன்றைய மாநில ஆட்சியாளர்களைக் கேட்கலாம். செங்கல்லைக் காட்டியவர்களையும் விட வேண்டியதில்லை: நீங்கள் வந்தால் இதை வேகப்படுத்த மாநில அரசால் என்ன செய்ய முடியும்? மூன்றும் நல்ல கேள்விகள், மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் தினமும் மைக் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். 2024 மக்களவைத் தேர்தலிலும் இதே எய்ம்ஸ், இதே வாக்குவாதம், கேள்வி மட்டும் ஒரு படி கூட ஏறவில்லை.

இன்னொன்று, பணக் கணக்கு. 2021-ல் திமுக குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றது. அதிமுக 1,500 ரூபாய், வருடத்துக்கு ஆறு சிலிண்டர் இலவசம் என்றது. சேனல்களில் இது 'யார் அறிவிப்பு யாரை முந்தியது', 'யார் யாரைக் காப்பி அடித்தார்கள்' என்ற பந்தயமாக ஓடியது. ஒரு பேனாவும் காகிதமும் இருந்தால் போடக்கூடிய கணக்கு இது. அந்த வருடப் பொங்கலுக்கு 2,500 ரூபாய் கொடுக்கப்பட்டது இரண்டு கோடிக்கும் சற்று அதிகமான அரிசி அட்டைதாரர்களுக்கு. இரண்டு கோடி குடும்பம் என்றே வைத்துக்கொண்டால் மாதம் 1,000 ரூபாய் என்பது வருடத்துக்கு 24,000 கோடி, 1,500 என்றால் 36,000 கோடி. மாநிலத்தின் சொந்த வரி வருவாய் அப்போது வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி. வரியில் நாலில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ ஒரே திட்டத்துக்குப் போகும் என்றால், அது நல்ல திட்டமா கெட்ட திட்டமா என்பதற்கு முன்னால், பணம் எங்கிருந்து வரும், எல்லாருக்குமா அல்லது சிலருக்கா என்று கேட்டிருக்க வேண்டும். பெண்கள் கையில் நேரடியாகப் பணம் போவதை நான் ஆதரிக்கிறவன். அதனால்தான் அந்தக் கேள்வி அப்போதே கேட்கப்படவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது. 2021 ஆகஸ்ட்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டு, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக் கடன் என்று சொன்னபோது எல்லாரும் அதிர்ந்தது போலச் செய்தி வாசித்தார்கள். கடன் மூன்று மாதத்தில் முளைத்ததா? அதன் பெரும்பகுதி ஏற்கெனவே பட்ஜெட் ஆவணங்களில் இருந்ததுதானே. அந்த 1,000 ரூபாய் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது வருமானம், நிலம், மின்சாரப் பயன்பாடு என்று தகுதி வரையறைகள் வைத்து சுமார் 1 கோடியே 6 லட்சம் பேருக்குக் கிடைத்தது. விண்ணப்பித்துக் கிடைக்காமல் போன பெண்கள் 'எல்லாருக்கும்னுதானே சொன்னீங்க' என்று தாலுகா அலுவலக வாசலில் கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் தாலுகா அலுவலகமும் இல்லை, நேரம் 2023-ம் இல்லை.

நீட் விஷயத்தில் நடந்ததும் இதே மாதிரிதான். 'கொண்டுவந்தது யார்' என்று இரு தரப்பும் ஆண்டுக்கணக்கில் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கல்வி, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது, மத்திய சட்டத்துக்கு மாறாக மாநிலம் சட்டம் போட்டால் அரசமைப்பின் 254(2) பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தேவை, 2017-ல் அதிமுக ஆட்சியில் சட்டமன்றம் நிறைவேற்றிய இரண்டு மசோதாக்களுக்கு அந்த ஒப்புதல் கிடைக்கவில்லை. ரத்து செய்வோம் என்று வாக்குறுதி கொடுக்கும் எவரிடமும் 'ஒப்புதல் மறுபடியும் மறுக்கப்பட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்' என்ற ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால், பிளஸ் டூ படிக்கும் பிள்ளையை வைத்திருக்கும் வீடுகளுக்கு எவ்வளவு உபயோகமாக இருந்திருக்கும்.

இப்படி இருப்பதற்குக் காரணம் நிருபர்களுக்கு விஷயம் தெரியாது என்பது இல்லை. மாவட்டச் செய்தியாளர் ஒருவரிடம் டீக்கடையில் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள், அந்தத் தொகுதியின் தண்ணீர்ப் பிரச்சினை முதல் மணல் லாரி யாருடையது என்பது வரை விரல் நுனியில் வைத்திருப்பார். அவருக்குத் தெரிந்ததில் நூறில் ஒரு பங்கு கூடத் திரைக்கு வருவதில்லை. தேர்தல் நேரத்தில் அவர் வேலை பைட் எடுப்பது, அதாவது மைக்கை நீட்டி ஓரிரு வரிப் பேச்சை வாங்குவது. காலையில் ஒரு வேட்பாளர் பரோட்டா போடுகிறார், அங்கே ஓட வேண்டும். பதினோரு மணிக்கு இன்னொருவர் வேட்புமனு தாக்கல், சாயங்காலம் தலைவர் வருகிறார், லைவ் கொடுக்க வேண்டும். நடுவில் சென்னை டெஸ்க்கிலிருந்து போன், 'அந்த சேனல்ல போட்டுட்டாங்க, நம்மகிட்ட ஏன் இல்ல?' ஒரே ஆள் இரண்டு மூன்று தொகுதிகளைப் பார்க்கிறார், பல இடங்களில் மாதச் சம்பளம் கூடக் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை. ஒரு வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தை உட்கார்ந்து படித்து, ஐந்து வருடத்துக்கு முந்தையதோடு ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு இரண்டு நாள் வேண்டும். அந்த இரண்டு நாளை யாரும் கொடுப்பதில்லை.

செலவுக் கணக்கில் பார்த்தால் இரவு விவாதம் மாதிரி மலிவான சரக்கு வேறு இல்லை. ஒரு ஸ்டூடியோ, ஒரு நெறியாளர், நான்கு பேர். கட்சிக்காரர்கள் கட்சி அனுப்பி வருகிறார்கள், கூடவே 'மூத்த பத்திரிகையாளர்', 'அரசியல் விமர்சகர்', 'வலதுசாரி சிந்தனையாளர்' என்ற பட்டைகளோடு அதே முகங்கள் சேனல் சேனலாக வருகிறார்கள். ஒரு மணி நேரம் நிரம்பிவிடும். அதிலேயே வெட்டி யூடியூபுக்கு ஆறு துண்டு, மறுநாள் காலை செய்திக்கு இரண்டு துண்டு. தொகுதிக்குப் போய் ஒரு கள ஆய்வுச் செய்தி எடுக்க வண்டி, கேமராமேன், தங்கும் செலவு, எடிட்டிங் எல்லாம் சேர்த்து மூன்று நாள் ஆகும், திரையில் ஐந்து நிமிடம் ஓடும். நிர்வாகத்துக்கு எது பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிரச்சாரக் கூட்டங்களில் இன்னொரு விஷயம் இருக்கிறது, பார்ப்பவர்களில் பலருக்குத் தெரியாது. பெரிய தலைவர்களின் கூட்டத்தில் நாம் பார்க்கும் காட்சி பெரும்பாலும் சேனலின் கேமரா எடுத்தது இல்லை. கட்சியே ஏற்பாடு செய்த குழு ஜிப் எனும் கேமரா கிரேன், டிரோன் எல்லாம் வைத்துப் படம் பிடித்து, எல்லா சேனல்களுக்கும் ஒரே ஃபீடை இலவசமாகக் கொடுக்கும். கூட்டம் அடர்த்தியாகத் தெரியும் கோணம் எது, எப்போது தலைவர் முகத்துக்கு நெருங்க வேண்டும், காலி நாற்காலி இருக்கும் பக்கம் கேமரா திரும்பக் கூடாது என்பதெல்லாம் கட்சியின் முடிவு. விளம்பரம் என்று அதை யாரும் சொல்வதில்லை, மூலையில் 'நேரலை' என்றுதான் எழுதியிருக்கிறது. 2024-ல் கடைசிக் கட்ட வாக்குப்பதிவுக்கான பிரச்சாரம் மே 30 மாலை ஓய்ந்தது. அன்றே பிரதமர் கன்னியாகுமரி விவேகானந்தர் பாறையில் தியானத்தில் உட்கார்ந்தார், ஜூன் 1 வரை இருந்தார். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-வது பிரிவு வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் அந்தப் பகுதியில் டிவி மூலம் தேர்தல் பிரச்சாரம் கூடாது என்கிறது. ஆனால் தியானக் காட்சிகளை நாடு முழுக்க, ஜூன் 1 அன்று வாக்களிக்கவிருந்த அவருடைய தொகுதியான வாரணாசி உட்பட, சேனல்கள் மணிக்கணக்கில் ஓட்டின. அது பிரச்சாரமா இல்லையா என்பதைச் சட்ட நிபுணர்களை வைத்து அலசியிருக்கலாம், அவ்வளவு நேரம் இருந்தது. சூரியனுக்கு அர்க்கியம் விடும் காட்சியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

ரேட்டிங்தான் எல்லாவற்றுக்கும் காரணம், மக்கள் இதைத்தான் பார்க்கிறார்கள், அதனால்தான் போடுகிறோம் என்று சேனல் தரப்பில் சொல்வார்கள். பாதி உண்மைதான். இந்த ரேட்டிங்கை அளக்கும் பார்க் அமைப்பு நாடு முழுக்கச் சில பத்தாயிரம் வீடுகளில் மீட்டர் வைத்து, இருபது கோடிக்கும் அதிகமான டிவி வீடுகளின் ரசனையைக் கணக்கிடுகிறது. செய்தி பார்ப்பவர்கள் அதில் சிறு பகுதி, தமிழ்ச் செய்தி பார்ப்பவர்கள் அதிலும் சிறு பகுதி. நாலைந்து மீட்டர் வீடுகள் சேனலை மாற்றினால் கூட வரிசை மாறிவிடும் என்பதால் எல்லாரும் பயந்து பயந்து ஒரே மாதிரி நிகழ்ச்சி செய்கிறார்கள். ஆனால் இந்தச் சமாதானத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. டிஆர்பி எனப்படும் இந்த ரேட்டிங்கில் மோசடி என்ற புகார் மும்பையில் வெடித்த பிறகு 2020 அக்டோபரில் செய்தி சேனல்களின் ரேட்டிங்கை நிறுத்திவைத்தார்கள், அது திரும்ப வந்தது 2022 மார்ச்சில்தான். 2021 ஏப்ரல் 6 தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தல் இதற்கு நட்ட நடுவில் நடந்தது. அதாவது வியாழக்கிழமைதோறும் வரும் மதிப்பெண் பட்டியல் இல்லாமலே ஒரு முழுத் தேர்தல். ரேட்டிங் மட்டுமே காரணம் என்றால் அந்த ஒரு தேர்தலிலாவது வேறு மாதிரி செய்தி வந்திருக்க வேண்டாமா? அப்போதும் செங்கல்தான் ஓடியது.

அப்படியானால் வேறு எங்கே பார்ப்பது? உரிமையாளர்களைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் கட்சியும் சேனலும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடப்பது போல இந்தியாவில் வேறு எங்கேயும் இந்த அளவுக்கு இல்லை என்றே நினைக்கிறேன். 1993-ல் தொடங்கிய சன் டிவி மாறன் குடும்பத்துடையது. 2007-ல் அந்தக் குடும்பத்தோடு கருணாநிதி குடும்பத்துக்கு மனக்கசப்பு வந்தபோது சில மாதங்களிலேயே கலைஞர் டிவி வந்தது. ஜெயா டிவி அதிமுகவின் குரலாக இருந்தது, ஜெயலலிதா மறைவுக்குப் பிறகு சசிகலா குடும்பத்தின் கையில் நின்றுவிட்டதால் ஆட்சியில் இருந்தவர்களுக்கு வேறு சேனல் தேவைப்பட்டது, 2018-ல் நியூஸ் ஜெ வந்தது. தேமுதிகவுக்கு கேப்டன் டிவி, பாமகவுக்கு மக்கள் டிவி. 2011-ல் புதிய தலைமுறை வந்தபோது, கட்சி சாராத செய்தி சேனல் என்று பலரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம், உண்மையிலேயே அது நிறைய மாற்றியது, அந்த அளவுக்கு நேர்த்தியான செய்தி அறிக்கையை அதுவரை தமிழில் பார்த்ததில்லை. ஆனால் அதை நடத்தும் எஸ்ஆர்எம் குழுமத்தின் நிறுவனர் பாரிவேந்தரே ஒரு கட்சியின் நிறுவனர். 2019-ல் திமுக கூட்டணியில் உதயசூரியன் சின்னத்தில் பெரம்பலூரில் ஜெயித்தார், 2024-ல் பாஜக கூட்டணியில் அதே தொகுதியில் நின்று தோற்றார்.

கட்சி சேனலில் வரும் செய்தி கட்சிச் செய்தி என்று மக்களுக்குத் தெரியும், ஜனங்கள் ஒன்றும் ஏமாளிகள் இல்லை. இதில் எனக்குப் பெரிய கவலையாகத் தெரிவது, மற்ற சேனல்கள் இதை வைத்து 'நடுநிலை' என்பதை எப்படிப் புரிந்துகொண்டன என்பதுதான். இவருக்கு ஒரு பைட், அவருக்கு ஒரு பைட், இவர் சொன்னதற்கு அவர் பதில். முடிந்தது நடுநிலை. இரண்டு பேரில் ஒருவர் சொல்வது ஆவணத்தோடு பொருந்தவில்லை என்றால் அதைச் சொல்வது சேனலின் வேலை என்ற எண்ணமே மங்கிவிட்டது. சொன்னால் 'நீ அந்தக் கட்சி' என்று முத்திரை விழும் என்ற பயம் வேறு. அதைவிடப் பெரிய பயமும் உண்டு. அரசு விளம்பரம் நின்றுவிடலாம். கேபிளில் சேனலின் எண் மாறிவிடலாம். 2011-ல் அரசு கேபிள் மறுபடி உயிர் பெற்று மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வந்தபோது தனியார் ஏகபோகம் உடைந்தது, அதை வரவேற்றோம், ஆனால் அதற்குப் பிறகு எந்தச் சேனல் எந்த எண்ணில் தெரிய வேண்டும் என்ற பிடி ஆட்சியில் இருப்பவர் கைக்கும் வந்துவிட்டது. 2018 ஜூனில் கோவையில் நடத்திய ஒரு பொது விவாத நிகழ்ச்சிக்காகப் புதிய தலைமுறை மீதே வழக்குப் பதிந்தார்கள். அதையொட்டி அரசு கேபிளில் அந்தச் சேனல் பின்னுக்குத் தள்ளப்பட்டதாகப் புகார் எழுந்தது, பத்திரிகையாளர்கள் கண்டித்தார்கள். இப்படி ஒரு தடவை நடந்தால் போதும், மற்றவர்கள் எல்லாரும் பாடம் படித்துக்கொள்வார்கள். யார் ஜெயிப்பார் என்ற கேள்வி யாரையும் பகைக்காது. ஆவணத்தை எடுத்து வைத்துக் கேட்டால் யாராவது ஒருவருக்கு நிச்சயம் வலிக்கும்.

அரசியல் கட்சிகளும் அவற்றின் ஆட்களும் ஒளிபரப்பிலும் விநியோகத்திலும் இருக்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008-ல் பரிந்துரைத்தது, 2012-ல் திரும்பச் சொன்னது, 2014 ஆகஸ்ட்டில் விரிவாக இன்னொரு தடவை சொன்னது. எந்த அரசும் அதைச் சட்டமாக்கவில்லை.

பேச்சு சுருங்கிய கதை தனி. அமெரிக்காவில் ஆய்வாளர்கள் இதை நொடிக் கணக்கில் அளந்திருக்கிறார்கள். 1968 தேர்தலில் மாலைச் செய்தியில் ஒரு வேட்பாளரின் சொந்தக் குரல் இடைவெட்டு இல்லாமல் சராசரியாக 40 நொடிக்கு மேல் ஒலித்தது, 1988-ல் அது 9 நொடி ஆகிவிட்டது. நம் ஊரில் யாராவது அளந்தால் அதிர்ச்சி இன்னும் அதிகமாக இருக்கும், ஏனென்றால் இது மேடைப் பேச்சாலேயே அரசியல் வளர்ந்த மண். அண்ணா பேச்சைக் கேட்க டிக்கெட் வாங்கிக்கொண்டு போன காலம் இருந்தது, இரவு வெகுநேரம் வரை உட்கார்ந்து பொருளாதாரமும் மொழிக் கொள்கையும் கேட்ட தலைமுறை அது. இப்போது தலைவர்களே ஒன்பது நொடிக்குத்தான் எழுதி வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு எதுகை, ஒரு கிண்டல், கையில் காட்ட ஒரு பொருள். மற்றதெல்லாம் சேனலில் வராது என்று அவர்களுக்குத் தெரியும். இன்றைக்குச் செங்கல், நாளைக்கு ஒரு புகைப்படம், அடுத்த நாள் அந்தப் புகைப்படத்துக்குப் பதில் புகைப்படம்.

அவசரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஏப்ரல் 19 வாக்குப்பதிவு நாளில் இரவு ஏழு மணி நிலவரமாக 72.09 சதவீதம் என்று தலைமைத் தேர்தல் அதிகாரி சொன்னார், சேனல்கள் அதை வைத்து 'அதிக வாக்குப்பதிவு யாருக்குச் சாதகம்' என்று உடனே விவாதம் தொடங்கிவிட்டன. நள்ளிரவுக்குப் பிறகு எண்ணிக்கை 69.46 என்று இறங்கியது, கடைசியில் 69.72. அது முழுமையான எண்ணிக்கை இல்லை, பூத்களிலிருந்து வந்த மதிப்பீடு, மாறும் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் மறுநாள் கிளம்பிய எத்தனையோ சந்தேகங்களுக்கு இடமில்லாமல் போயிருக்கும். வாக்கு எண்ணும் நாளும் அப்படியே. காலை எட்டு மணிக்குத் தபால் ஓட்டு எண்ணுகிறார்கள், இயந்திர ஓட்டு எட்டரைக்குத்தான் தொடங்கும், ஆனால் எட்டு ஐந்துக்கே திரையில் முன்னிலை நிலவரம் ஓடிக்கொண்டிருக்கும்.

கருத்துக்கணிப்புகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 2016-ல் பெரும்பாலான வாக்குச்சாவடிக் கணிப்புகள் திமுக வரும் என்றன, அதிமுக 134 இடங்களோடு திரும்ப வந்தது. 2024 ஜூன் 1 மாலை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 முதல் 400 வரை என்றார்கள், 293 கிடைத்தது. தமிழ்நாட்டிலும் பாஜகவுக்குச் சில இடங்கள் என்று பல கணிப்புகள் சொல்லின, 39-ம் திமுக கூட்டணிக்குப் போயின. தவறுவது கூடப் பெரிய குற்றம் இல்லை, நாலு முனைப் போட்டியில் வாக்கு சதவீதத்தை இடங்களாக மாற்றுவது உண்மையிலேயே கடினமான வேலை, பாஜக வாங்கிய 11.24 சதவீதம் ஒரு இடம் கூடத் தரவில்லை என்பதே அதற்கு அத்தாட்சி. அந்தக் கடினத்தைத்தான் விளக்க வேண்டும். எத்தனை பேரிடம், எந்தத் தொகுதிகளில், எப்படிக் கேட்டார்கள் என்பது திரையில் வருவதே இல்லை, வருவது எண் மட்டும்.

அந்த 2024 தேர்தலில் தமிழ்நாட்டில் 950 பேர் போட்டியிட்டார்கள். கோவை, தேனி, ராமநாதபுரம், விருதுநகர், நீலகிரி, தென் சென்னை என்று நட்சத்திரத் தொகுதிகள் சில. ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வத்தின் பெயரிலேயே வேறு சில பன்னீர்செல்வங்கள் நின்றதை எத்தனை தடவை பார்த்தோம். கள்ளக்குறிச்சியிலோ ஆரணியிலோ நாகப்பட்டினத்திலோ யார் நின்றார்கள், அங்கே ஐந்து வருடம் எம்பியாக இருந்தவர் மக்களவையில் என்ன கேள்வி கேட்டார், தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 5 கோடி எதில் போனது, டெல்டாவின் கடைமடைக்குத் தண்ணீர் வராத விஷயத்தில் வேட்பாளர்கள் என்ன நினைக்கிறார்கள், இதை எந்தச் சேனலில் பார்த்தோம்? குற்ற வழக்கு இருக்கும் வேட்பாளர் அதை நாளிதழிலும் டிவியிலும் மூன்று தடவை விளம்பரப்படுத்த வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. விளம்பரமாக வந்தால் மட்டும் போதுமா, ஒரு செய்தி அறைக்கு அது செய்தி இல்லையா?

செலவு இல்லாமல் செய்யக்கூடியவை எத்தனையோ. ஒவ்வொரு வேட்பாளரின் படிவம் 26 பிரமாணப் பத்திரமும் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் கிடக்கிறது, சொத்து, கடன், வழக்கு எல்லாம் அதில் உண்டு. எம்பிக்களின் கேள்விகள் நாடாளுமன்றத் தளத்தில் இருக்கின்றன. முந்தைய தேர்தல் அறிக்கைகள் கட்சிகளின் தளங்களிலேயே உண்டு. வண்டி வேண்டாம், டிரோன் வேண்டாம், இரண்டு பேர் உட்கார்ந்து படிக்க வேண்டும், மாவட்டச் செய்தியாளர் அவருக்குத் தெரிந்ததைப் பேச ஐந்து நிமிடம் கொடுக்க வேண்டும். 2024-ல் தேர்தல் அறிவிப்பு வந்தது மார்ச் 16, பிரச்சாரம் ஓய்ந்தது ஏப்ரல் 17 மாலை. இடையில் 32 இரவுகள். ஒவ்வொரு சேனலும் அத்தனை இரவும் விவாதத்துக்கு என்று குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்கித்தான் இருந்தது. தொகுதிக்கு அரை மணி நேரம் வைத்தால் 39 தொகுதிக்கும் இருபது இரவு போதும். மீதி இருக்கும் பன்னிரண்டு இரவிலும் அவர்கள் கூட்டணியைப் பற்றிப் பேசிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை.